வேலூர் வெயிலும் வீட்டு ஆமையும்

[காட்சி: வண்ணமீன் கடையின் கண்ணாடித் தொட்டி. பச்சைக் குட்டி ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கின்றன.]

வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இப்படி வெயில் கொளுத்துகிற ஊரில்தான், வெயில் படாத காரணத்தால் வீட்டு ஆமைகளுக்கு எலும்பு மெலிந்து ஓடு மிருதுவாகிறது. இந்த வீடியோவில் முக்கியமாக அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஆமை?

[காட்சி: மஞ்சள் கோடுகள் கொண்ட நட்சத்திர ஆமையின் ஓடு, மிக அருகில்.]

ஓட்டில் இப்படி நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நட்சத்திர ஆமை. நம் பக்கத்துப் புதர்க்காடுகளின் உயிரினம். அதிர்ஷ்டம் வரும் என்று நம்பி இதை வீட்டில் வைத்திருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்க்கவோ விற்கவோ கூடாது. குறைந்தது 3 ஆண்டுகள் சிறைத் தண்டனை உண்டு. ஏரியில் பிடித்துக் கிணற்றில் விடும் பால் ஆமைக்கும் இதே சட்டம்தான். வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தொற்றிய நோய் காட்டு ஆமைகளுக்கும் பரவும்.

கடைகளில் அதிகம் விற்பது, காதோரம் சிவப்புக் கோடு உள்ள ரெட் இயர்ட் ஸ்லைடர். இதற்குச் சொந்த ஊர் வட அமெரிக்கா. சிலர் ஆப்பிரிக்காவின் சுல்கேட்டா ஆமையும் வளர்க்கிறார்கள். சுல்கேட்டாவை மத்திய அரசின் 2024 விதிகளின்படி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டி பின்னாளில் 40 கிலோவுக்கு மேல் வளரும் என்பதை வாங்கும்போதே யோசித்துவிடுங்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

[காட்சி: ஆமை எலும்புக்கூட்டின் படம். ஓட்டின் உட்புறத்தில் முதுகெலும்பு தெரிகிறது.]

ஆமையின் ஓடு சட்டை மாதிரி கழற்றி மாட்டும் பொருள் இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாக இணைந்து உருவான உயிருள்ள எலும்பு அது. அதில் நரம்பு ஓடுகிறது, தொட்டால் ஆமைக்குத் தெரியும். அதனால்தான் ஓட்டில் பெயின்ட் அடிப்பதையும், கயிறு கட்ட ஓட்டை போடுவதையும் பார்த்தால் மனம் பதறுகிறது.

இந்த எலும்பு உறுதியாக இருக்கக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். சூரிய ஒளியின் யூவிபி கதிர் தோலில் பட்டால்தான் அது உருவாகும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும். ஹாலில் ஜன்னலோரம் தொட்டி வைத்து, 'வெயில் படுதே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே சூடு மட்டும்தான் உள்ளே வருகிறது.

அதற்காக மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். ஆமைக்கு வியர்க்காது. அது நிழலுக்கு நகர்ந்துதான் தன் உடலைக் குளிர்த்துக்கொள்ளும். நகர இடம் இல்லாவிட்டால் நம் ஊர் உச்சி வெயிலில் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். காலை எட்டு மணிக்கு மேல், இடத்தில் பாதி நிழலாக இருக்கும்படி வைத்து, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். காகமும் தெரு நாயும் வரும். கோடையில் அரை மணி நேரம் போதும். வெளியே எடுக்க வழியில்லாத வீட்டில் யூவிபி விளக்கு வாங்கலாம். ஓராண்டுக்குள் டியூபை மாற்றிவிடுங்கள், வெளிச்சம் அப்படியே இருக்கும், ஆனால் கதிர் குறைந்திருக்கும்.

ஸ்லைடருக்கு நீந்தும் ஆழத்தில் தண்ணீர், ஏறி உலர ஒரு மேடை, ஒரு ஃபில்டர். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி.

[காட்சி: முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, அருகம்புல்.]

உணவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடையில் ஆமையோடு ஒரு டப்பா காய்ந்த இறாலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதை மட்டுமே தின்னும் ஸ்லைடருக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் சாப்பாட்டை நிறுத்திவிடும். ஆமைக்கென்று விற்கும் நல்ல பெல்லட் தீவனமும் இலைகளும் கொடுங்கள், தண்ணீருக்குள்ளேயே கொடுங்கள். தரையில் வைத்தால் அதால் விழுங்க முடியாது. சுல்கேட்டாவுக்குப் புல்தான் சாப்பாடு. அதோடு முருங்கை, செம்பருத்தி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் நம் தெருவிலேயே கிடைக்கிறது. பசலை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சோறு, பால், ரொட்டி எந்த ஆமைக்கும் வேண்டாம். கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள், தானே கடித்துக்கொள்ளும்.

ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா கிருமி பரவியதால் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975-லேயே தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நோய். ஆமை கடைசி வரைக்கும் நோயை மறைக்கும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பது இவையெல்லாம் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

[காட்சி: திரை முழுவதும் ஒரே சொல், 'ஐவர்மெக்டின்'.]

இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடு, ஆடு, நாய்க்குப் பூச்சி மருந்தாக வழக்கமாகக் கொடுப்பது. ஆமைக்கு இது விஷம். கை கால் செயலிழந்து இறந்துபோகும். நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஆமை அபூர்வமாகத்தான் வரும், அதனால் ஊசி போடும் முன் மருத்துவரிடம் நீங்களே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக நேர்ந்தால், காட்பாடியில் ரயில் ஏறும் முன் ஒரு வேலை. ஸ்லைடரானாலும் தண்ணீர் நிரம்பிய வாளியில் கொண்டுபோகாதீர்கள். மூச்சுத் திணறும் ஆமை அதில் மூழ்கிவிடும். காற்றுத் துளையுள்ள பெட்டியில் ஈரத் துணி விரித்து வையுங்கள். தொட்டியையும் கொடுக்கும் உணவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.