டிஸ்க் ஆபரேஷன் என்றால் எலும்பை இணைத்தே ஆக வேண்டுமா?

[திரை: ஐஸ் ஹாக்கி ஆட்டம்]

2021 மார்ச். அமெரிக்காவின் பஃபலோ சேபர்ஸ் அணிக் கேப்டன் ஜாக் ஐக்கல் ஆட்டத்தில் அடிபடுகிறார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் ஓய்வெடுத்தும் சரியாகவில்லை.

அணி மருத்துவர்கள் சொன்ன வழி ஃப்யூஷன். கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள்.

ஐக்கலுக்கு அப்போது 24 வயதுதான். இணைத்த இடம் அசையாது, அந்தப் பளு பக்கத்து டிஸ்க்குகள் மேல் விழும், பிற்காலத்தில் திரும்பவும் கத்தி வைக்க வேண்டி வரலாம். இதுதான் அவருடைய கவலை. அசைந்துகொடுக்கும் செயற்கை டிஸ்க்தான் வேண்டும் என்று நின்றார். அவர் ஆடும் என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் அதுவரை யாருக்கும் அது வைக்கப்பட்டதில்லை. ஒப்பந்தப்படி கடைசி முடிவும் அணியின் கையில். கேப்டன் பதவியும் போனது.

நவம்பரில் வேகஸ் அணிக்கு மாறினார். அவர்கள் சம்மதிக்க, அதே மாதம் ஆபரேஷன். 2022 பிப்ரவரியில் மறுபடி களத்தில். 2023இல் அந்த லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையே வென்றார்! தன் உடம்புக்காக ஒருவர் இவ்வளவு போராட வேண்டியிருந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

[திரை: கழுத்தின் அனிமேஷன்]

சரி, உள்ளே என்ன வைக்கிறார்கள்? பெரும்பாலும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே வழுக்கிக்கொடுக்கும் பிளாஸ்டிக். கழுத்தின் முன்பக்கம் சின்னக் கீறல் போட்டு, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிவிட்டுத்தான் டிஸ்க்கை எட்ட முடியும். அதனால் முதல் சில நாள் எச்சில் விழுங்கினாலே வலிக்கலாம், குரல் கரகரக்கலாம். முன்பக்கமாகச் செய்யும் ஃப்யூஷனிலும் இதே கதைதான்.

இடுப்புக்கும் செயற்கை டிஸ்க் உண்டு. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் 1984இல் முதலில் பொருத்தப்பட்ட டிஸ்க்கை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பியூட்னர்-யான்ஸ். 1972 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றவர். முதுகு வளைவதன் அருமை அவருக்குத் தெரியாதா என்ன!

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. எலும்பு வலுவிழந்தவர்கள், முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்கள், ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நன்றாக நழுவியவர்கள், இவர்களில் பலருக்கு ஃப்யூஷன்தான் பாதுகாப்பு. ஃப்யூஷனைக் கண்டு பயந்து ஓடவும் வேண்டாம். கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் 2017இல் இடுப்பில் அதைச் செய்துகொண்டுதான் 2019 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்றார். அப்புறம் அதற்கு மேல் இருந்த டிஸ்க் கெட்டு, 2025 அக்டோபரில் அங்கே செயற்கை டிஸ்க் வைத்தார்கள். நடுவில் பெரிய கார் விபத்தும் நடந்ததால், ஃப்யூஷன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

[திரை: குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே]

டாக்டரிடம் போகும்போது இதைக் கேளுங்கள்: "குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா? எலும்பு நழுவுகிறதா? பின்பக்க மூட்டுகள் எப்படி இருக்கின்றன?" ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.