மருத்துவரிடம் அழைத்துச் செல்ல யார் இருக்கிறார்கள்? எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் சமூக ஆதரவை அளப்பது எப்படி

(திரையில் ஒரே ஒரு கேள்வி: "தேவைப்பட்டால் உங்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல யாராவது இருக்கிறார்களா?")

வணக்கம். இந்தக் கேள்விக்குப் பலரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வீட்டில் சொல்லாத ஒருவர் தயங்குவார். துணைக்கு வருபவர் சிகிச்சைப் பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்ப்பார், மருந்துச் சீட்டைப் பார்ப்பார் என்பதால், அன்பான குடும்பம் இருந்தும் இந்த உதவியை மட்டும் அவரால் கேட்க முடிவதில்லை.

ஷெர்போர்ன், ஸ்டூவர்ட் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட சமூக ஆதரவு அளவுகோலில் இக்கேள்வி இருக்கிறது. நாட்பட்ட நோயுள்ளோருக்காக உருவான அந்த அளவுகோலின் 19 கேள்விகள், மனம்விட்டுப் பேசவும் ஆலோசனை கேட்கவும் ஆள் உண்டா, நடைமுறை உதவி கிடைக்குமா, அன்பு காட்டுவோர் உண்டா, சேர்ந்து மகிழ்ந்திருக்கத் துணை உண்டா என்று ஆதரவின் வகைகளைப் பிரித்துக் கேட்கின்றன. 1988-இல் ஜிமெட் குழுவினர் வெளியிட்ட 12 கேள்விகளோ, ஆதரவு குடும்பத்திடமிருந்தா, நண்பர்களிடமிருந்தா, நெருக்கமான ஒருவரிடமிருந்தா என்று பார்க்கின்றன.

இரண்டுமே, உதவி கிடைக்கும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதையே அளக்கின்றன. உண்மையில் கிடைத்த உதவியை அல்ல. இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் நோய் முற்றியவருக்கே கூடுதல் உதவி வந்து சேர்வதுண்டு; பெற்ற உதவியை மட்டும் கணக்கிட்டால், உதவிதான் உடல்நிலையைக் கெடுத்தது போன்ற தோற்றம் உண்டாகிவிடும்.

(திரையில், 19 கேள்விகளில் நடைமுறை உதவி பற்றிய நான்குக்கு ஒருவர் தந்த பதில்கள்: சமையலுக்கு உதவி 5, வீட்டு வேலைக்கு உதவி 5, படுத்த படுக்கையானால் உதவி 3, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல 1.)

1 என்றால் ஒருபோதும் இல்லை. 5 என்றால் எப்போதும் உண்டு. கூட்டினால் 14. மிகக் குறைந்த கூட்டுத்தொகையான 4-ஐக் கழித்து, அதற்கும் மிக அதிகமான 20-க்கும் உள்ள இடைவெளியான 16-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 62.5 வருகிறது. பரவாயில்லை என்று தோன்றும் இந்த எண்ணுக்குள் அந்த 1 மறைந்துவிடுகிறது. சிகிச்சைக்கு மாதந்தோறும் தனியாகவே போய்வருபவரின் நிலையைச் சொல்வதோ அந்த 1 மட்டுமே. ஆகவே, மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பதிலையும் பார்க்க வேண்டும் என்றும், "உங்கள் நிலை யார் யாருக்குத் தெரியும்?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். அதைத் தனியறையில்தான் கேட்க வேண்டும். உறவினர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் பதில் அவர் காதுக்காகவே சொல்லப்படும்.

"உங்களைக் கட்டி அணைப்பவர் உண்டா?" என்பதும் அந்த 19 கேள்விகளில் ஒன்று. அணைப்பதால் எச்.ஐ.வி. பரவாது. ஆனாலும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து வீட்டார் தொடுவதையே நிறுத்திவிட்ட ஒருவர், நடைமுறை உதவிக்கெல்லாம் 5 என்று சொல்லிவிட்டு இந்த இடத்தில் 1 என்று சொல்லக்கூடும். விஷயத்தைச் சொன்ன பிறகு ஆதரவு பெருகவும் செய்யலாம், இப்படிச் சுருங்கவும் செய்யலாம் என்பதால், ஒரே முறை அளந்து முடித்துவிடாமல், வீட்டில் சொல்வதற்கு முன்பும் சொல்லிச் சில மாதங்கள் கழித்தும் அதே கேள்விகளை அவரிடம் மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது.