துண்டிலிருந்து உறுதி வரை

சபையோருக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச வந்தால் வியர்வை, கண்ணீர், அட்டைக்கடி என்று தொடங்குவதுதான் வழக்கம். மேடைக்கு அது எடுப்பாகத்தான் இருக்கும். இன்றைக்கு அதை ஓரமாக வைத்துவிட்டுக் காகிதங்களைப் பார்ப்போம். ஒரு சமூகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சமூகத்து ஆளைப் பற்றிய காகிதம் யாருடைய பெட்டியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது என் கணிப்பு. சரியா என்று நீங்களே பாருங்கள்.

முதல் காகிதத்தின் பெயர் துண்டு. தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். அவர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போய் ஆள் கட்டுவார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் வருகிறவனின் கடன் கணக்கில் ஏறும். வந்த பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கியது அதற்கு மேல் ஏறும். அவன் வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இன்ன தொகையைக் கட்டினால் விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், கட்டியதை அவன் பெயரிலேயே மறுபடி எழுதிக்கொள்ளும். பெரும்பாலும் தனி ஆளுக்குத் துண்டு கிடைக்காது. கங்காணியின் கூட்டம் முழுவதற்கும் ஒரே துண்டு. ஆள் மலை மாறினான், கடன் மாறவில்லை.

துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் இடத்துக்குப் பற்றுச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து விடுவித்த சீட்டு, வந்தது. தோட்டத்தை விட்டுப் போகிறவன் கையில் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. கடன் பிடி தளர்ந்தது. வெளியேற்றும் பிடி இறுகியது. சங்கம் சேர்ந்தவனுக்குத் தோட்டத்து நிர்வாகியான துரை பற்றுச்சீட்டை நீட்டினால் வேலை மட்டும் போவதில்லை. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருக்கும் காம்பராவும், அதாவது அறையும், அன்றைக்கே போகும். இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது பிறகு எல்லா இடத்திலும் வரும்.

அடுத்தது பிரஜாவுரிமை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபி, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்றது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்துப் பூட்டனுக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வழி விட்டது. மணமானவருக்கு ஏழு ஆண்டு, மற்றவருக்குப் பத்து ஆண்டு தொடர்ச்சியான வதிவு காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை. வதிவைக் காட்டும் பதிவேடு யாரிடம்? தோட்டத்துக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்றது. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில். எடுத்தது ஒரே ஆண்டில், திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

பிரஜாவுரிமை முழுதாகத் திரும்பி வராத அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளிலும் அதை ஒட்டியும் என்னென்ன நம்மைத் தாண்டிப் போயின என்று பாருங்கள். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டப் பாடசாலைக்கு வந்து சேரவில்லை. அவற்றை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். 1970களில் காணிச் சீர்திருத்தம் நடந்தபோது காணி துரையிடமிருந்து அரசுக்குப் போனது, லயத்துக்கு வரவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாவதற்கு முட்டுக்கட்டையாக நின்றது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினரே நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் இருந்தார். அதைத் திருத்தியது 2018இல். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒரே சபையாக இருந்த அம்பகமுவ மூன்றாகப் பிரிந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இப்போது செக்ரோலுக்கு, அதாவது வேலை நாளும் கூலியும் பதியும் புத்தகத்துக்கு, வருகிறேன். சம்பளம் என்றால் எல்லோரும் நாட்கூலியையே பேசுகிறோம். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி, 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350. இவை போராடி வாங்கியவை. ஆனால் கூலியைத் தீர்மானிப்பது தராசும்தான். ஒரு கணக்குப் போடுவோம். நோர்ம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்று வையுங்கள். ஒரு தாய் 21 கிலோ பறிக்கிறார். மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 2 கிலோ கழித்தால் ஆறு போய்விட்டது. புத்தகத்தில் விழுவது 15. 18 இல்லை, ஆகவே அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. 2024இன் கூலிப்படி 1,350 இருந்த இடத்தில் 675. கழித்த ஆறு கிலோவும் பங்களாவுக்கா போகிறது? ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்றால், அவர் கூலியே வாங்காமல் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் தூள் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போகிறார்.

மழை நாளில் ஈரம் கழிப்பது நியாயம்தானே என்று ஒரு கேள்வி வரும். நியாயம்தான், மழை நாளில். வெயில் நாளிலும் அதே இரண்டு கிலோ என்றால் அது ஈரம் இல்லை. எனவே கேட்க வேண்டியது மூன்று: கழிவு எவ்வளவு என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டில் முதலிலேயே சொல்லப்படுகிறதா, வெறும் சாக்கு தனியே நிறுக்கப்படுகிறதா, ஒவ்வொரு நிறுவைக்கும் கையில் சீட்டு வருகிறதா. கூலி ஆயிரமானபோது பல தோட்டங்களில் நோர்ம் ஏறியதையும் வேலை நாள் குறைந்ததையும் மறக்க வேண்டாம். ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வீடு இது.

அதே செக்ரோலிலிருந்துதான் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி வருகிறது. தொழிலாளியிடம் 8 வீதம், தோட்டம் 12 வீதம், ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேறாக 3 வீதம். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் எடுக்கலாம். இங்கே அதிகம் பிழையாகிப் போவது பெயர். பிறப்புப் பத்திரத்தில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், ஈ.பி.எஃப். பி அட்டையில் ராமை. மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட, ஓய்வு பெற்ற பிறகு கந்தோர் கந்தோராக அலைய வேண்டும். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், தோட்டத்துக் கடிதம் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பணிக்கொடை வேறு: ஐந்து ஆண்டு வேலை முடித்திருந்தால், நாட்கூலிக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய நாட்கூலிதான் அதற்கு அடிப்படை.

கல்வியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆய்வுகூடமும் உயர்தர விஞ்ஞான ஆசிரியரும் உள்ள பட்டணத்துப் பாடசாலையும், தரம் ஐந்தோடு முடியும் தோட்டத்துப் பாடசாலையும் ஒரே மாவட்டம். சலுகை நம் பெயரில் வருகிறது, பட்டணத்தோடு இறங்கிவிடுகிறது.

கடைசிக் காகிதம் உறுதி, அதாவது காணிப் பத்திரம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா 120 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 1,906 சதுர அடி, பத்து பேர்ச்சஸ் 2,722. இந்திய உதவித் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. இந்தத் தூரத்தைக் கடந்தவர்களின் வாழ்க்கை கண்முன்னே மாறியிருக்கிறது. ஆனாலும் சாவி வாங்கிய நாளையும் உறுதி வாங்கிய நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேடையில் கொடுத்த சான்றிதழ் உறுதி ஆகாது. நில அளவையாளரின் வரைபட இலக்கம், நான்கு எல்லை, காணிப் பதிவகத்தின் பதிவு மூன்றும் இருந்தால்தான் வங்கி அதைக் கையில் எடுக்கும். எழுதும்போது மனைவியின் பெயரும் சேர்கிறதா என்று பாருங்கள். லயத்தை இருநூறு ஆண்டாகத் தாங்கியது பெண்கள்தான். பாதையும் தண்ணீரும் எல்லோரும் மறக்கிறவை. ஏழு பேர்ச்சஸ் உங்களுடையது, அதற்குப் போகும் பாதையும் குழாய் தொடங்கும் ஊற்றும் தோட்டத்துடையது என்றால் அடுத்த சண்டை தயாராகிவிட்டது. வழியுரிமையை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. அந்த இடத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போ என்றால் எங்கே போவது? போய்க் குந்த அவர்களுக்கென்று ஒரு பேர்ச்சஸ் இருக்கவில்லை.

காணி கிடைக்க ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்கிறீர்கள். காணிக்குச் சொந்தக்காரர் அரசு. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 53 ஆண்டு. குடியிருப்பவர் மூன்றாவது ஆள். ஆகவே ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு விடுவிக்க வேண்டும், அளவை நடக்க வேண்டும். இதில் எது நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். குத்தகை முடிவது 2045இல். புதுக் குத்தகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பல ஆண்டு முன்பே மேசைக்கு வரும். அந்த மேசையில் வைக்க, தோட்டத்தின் எந்த டிவிசனில் (பிரிவில்) எத்தனை லயம், எத்தனை குடும்பம், எந்தச் சரிவு, எந்த ஊற்று என்ற பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும். ஒரு டிவிசனுக்கு உயர்தரம் படித்த பிள்ளைகள் நாலு பேர், ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. கொப்பியை மட்டும் கந்தோரில் வைத்துவிட்டு வராதீர்கள்.