பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

நண்பர்களே, வணக்கம். பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க உங்கள் மாலை நேரத்தைத் தர முன்வந்திருக்கிறீர்கள். "நான் எழுத்தாளன் இல்லையே, இலக்கணமும் படித்ததில்லையே" என்ற தயக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். பரவாயில்லை. ஒரு பிள்ளை எழுதியதை ஆர்வமாகப் படிக்கத் தெரிந்தால் போதும். கட்டுக்கட்டாக நோட்டுத் திருத்தும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரே பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார அவருக்கு வாய்ப்பதில்லை. நமக்கு வாய்க்கிறது.

2002-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியை நினிவே கலிகாரியும் தொடங்கிய '826 வலென்சியா' என்ற பிள்ளைகளுக்கான எழுத்து மையம் இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். அந்த இடத்தில் கடைதான் நடத்த வேண்டும் என்று விதி இருந்தது. சரி என்று முன்பக்கம் வேடிக்கையாகக் கடற்கொள்ளையருக்கான சாமான் கடை ஒன்றைத் திறந்தார்கள். பின்பக்கம் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் அருகருகே உட்கார்ந்தார்கள். அந்தக் கடையால் ஒரு பெரிய நன்மை. உள்ளே போகிற பிள்ளையைப் 'படிப்பு வராதவன்' என்று யாரும் பார்க்க வழியில்லை. 2009-இல் அயர்லாந்தின் டப்ளினில் எழுத்தாளர் ராடி டாயிலும் ஷான் லவ்வும் சேர்ந்து 'ஃபைட்டிங் வேர்ட்ஸ்' தொடங்கினார்கள். அங்கேயும் எழுத வரும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர்கள் தன்னார்வலர்கள்தாம்.

இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு பெண் எழுதிக்கொண்டு வருகிறாள்: "என் தாத்தா மிகவும் நல்லவர். எல்லோருக்கும் உதவி செய்வார்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தாத்தாவும் அதில் இல்லை. நீங்கள் கேட்கிறீர்கள்: "நல்லவர்னு எதை வச்சும்மா சொல்றே?" கொஞ்சம் யோசிக்கிறாள். "பஸ்ல எனக்கு சீட் கிடைக்கிற வரைக்கும் அவர் உட்கார மாட்டார். கால் வலிச்சாலும் நிப்பார்." அவ்வளவுதான், "இப்போ சொன்னியே, அதை அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம்தான் கஷ்டம். அவள் முதல் வரியில் தடுமாறும்போது நமக்குக் கை துறுதுறுக்கும், அழகான வாக்கியம் ஒன்று தயாராக நாக்கில் நிற்கும். எடுத்துக்கொடுக்காதீர்கள். கொடுத்தால் கட்டுரை நன்றாகிவிடும், ஆனால் அடுத்த கட்டுரைக்கும் அவள் உங்கள் முகத்தையே பார்ப்பாள்.

பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க் சிட்டி கல்லூரியில் மினா ஷாக்னஸி என்ற பேராசிரியை இருந்தார். 1970-இல் அங்கே சேர்க்கை விதி தளர்ந்து, எழுத்தில் மிகவும் பின்தங்கிய மாணவர்கள் பெருமளவில் வந்தார்கள். அவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை அவர் பொறுமையாகப் படித்தார். பிழைகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்குப் பின்னால் மாணவனுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

நம் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். ஒருவன் 'அவல் வந்தால்', 'வேளை செய்தான்', 'பல்லிக்குப் போனேன்' என்று எழுதியிருப்பான். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம் போட்டால், தனக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் அவனுக்கு இருப்பது ஒரே சிக்கல்தான்: ல, ள இரண்டும் அவன் காதில் ஒன்றாக விழுகின்றன. அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நாக்கு எங்கே படுகிறது, எங்கே மடங்குகிறது என்று அவனே கவனிக்கட்டும். சந்திப் பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ல, ள சிக்கலையும் முதலில் எடுக்க வேண்டாம். என்ன சொல்ல வந்தான் என்பதுதான் முதல் பேச்சு. பாதிக் கட்டுரையை நாமே தூக்கிப்போடச் சொல்லப்போகிறோம் என்றால், அந்தப் பாதியில் ஒற்றெழுத்தைத் திருத்தி என்ன பயன்?

இன்னொன்று, உங்களால் எத்தனை வாரம் வர முடியும் என்பதை முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள். வர முடியாத நாளில் முன்கூட்டியே தகவல் சொன்னால், வேறொருவரை உட்கார வைப்போம். முதல் நாள் சிவப்புப் பேனா கொண்டுவர வேண்டாம். பிள்ளை எழுதியதை அவனையே வாசிக்கச் சொல்லி முழுவதும் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு வரியைக் காட்டி, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். அதன் பிறகு உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்.