நயாகரா விளக்குகளும் ஒரு சைக்கிள் டைனமோவும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். நத்தார் விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு போய்வரக்கூடிய ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது, மறுயோசனை இல்லாமல் நயாகராவின் குளிர்கால ஒளி விழாவைத் தெரிவு செய்தேன். ஒன்ராறியோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மின் பராமரிப்பு வேலை செய்பவன் என்பதால் விளக்குகளைப் பார்த்தால் அவற்றின் பின்னால் ஓடும் கம்பியைத் தேடுவது என் பழக்கம். ஆயினும் சென்ற மார்கழியில் என் அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்ற அந்த ஒரு மாலையில்தான், அந்தக் கம்பி எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

இந்த விழா 1983ஆம் ஆண்டு தொடங்கியது. நவம்பர் நடுப்பகுதியில் விளக்கேற்றினால் ஜனவரித் தொடக்கம் வரை ஒவ்வோர் இரவும் எரியும். நீர்வீழ்ச்சியை ஒட்டிய விக்டோரியா மகாராணி பூங்காவும், ஆற்றோரப் பெருவீதியும், அதற்கு மேலே டஃபரின் தீவுகள் என்னும் இயற்கைப் பூங்காவும் சேர்ந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளி நீண்டு கிடக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. டஃபரின் தீவுகளிலிருந்து வாகனத்தில் வெளியேறும் இடத்தில் விரும்பியதைக் கொடுக்கலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரம். வார இறுதியில் போனால் வாகன நெரிசலிலேயே பொழுது போய்விடும். ஆகவே வேலை நாளொன்றில், பின்னேரம் மூன்று மணிக்கு முன்பே அங்கே போய்ச் சேருமாறு புறப்படுங்கள் என்பது என் அனுபவத்தில் வந்த ஆலோசனை. மார்கழியில் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். விளக்கு எரியும் முன் அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது மிகவும் முக்கியம்.

நாங்கள் முதலில் போனது விளக்குகளைப் பார்க்கவே இல்லை. குதிரைலாட நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில், 1905இல் தொடங்கி 2006 வரை இயங்கிய பழைய மின்நிலையம் ஒன்று இருக்கிறது. அதைச் செப்பனிட்டு 2021 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நீண்ட மண்டபத்தில் நீல வண்ணம் பூசிய 11 மின்பிறப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய வீட்டளவு. எண்பதை நெருங்கும் அம்மா, தடித்த குளிர்ச்சட்டையோடும் கம்பளித் தொப்பியோடும் அவற்றில் ஒன்றன் முன்னால் வெகுநேரம் நின்றார். நீர் மேலிருந்து குழாய் வழியே கீழே பாய்ந்து சுழலியைச் சுற்றும், அந்தச் சுழற்சி நீண்ட இரும்புத் தண்டு வழியாக மேலே வந்து இந்த இயந்திரத்தைச் சுற்றும், அப்படித்தான் மின்சாரம் பிறக்கிறது என்று மகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா இடைமறித்து, "அப்ப இது எங்கட டைனமோதானே, பெரிசு, அவ்வளவுதான்" என்றார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலையில் விற்றது. ஒரு ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றி, சைக்கிள் வால்வுக் கட்டையில் திரியைக் கோத்து, கம்பியால் கட்டிவைத்த சிக்கன விளக்கில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். பற்றரியும் கிடைக்காததால், வானொலி கேட்க வேண்டுமானால் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, பெடலைக் கையால் சுற்றுவோம். வேகம் குறைந்தால் குரல் தேய்ந்துபோகும். பிபிசி வானொலியின் தமிழோசைச் செய்தி கேட்க அயல் வீட்டார் வந்து கூடியிருக்கும்போது சுற்றுபவன் கை சோர்ந்தால், அடுத்தவன் பெடலைத் தாவிப் பிடிக்க வேண்டும். இன்று இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும்போது அந்த முற்றம் என் கண்முன் நிற்கிறது.

மின்நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நீர்வீழ்ச்சியின் தூவானம் கம்பித் தடுப்பின்மேல் படிந்து உறைந்து கண்ணாடிபோல் மூடியிருந்தது. மகள் கையுறையைக் கழற்றி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பனிக்கண்ணாடிக்குள் எதிர்ப்பக்க விளக்குகளின் சிவப்பும் பச்சையும் அடைபட்டுக் கிடந்தன. அருவியின் மீதும் அந்நேரம் வண்ண ஒளி பாயத் தொடங்கியது. நயாகராவுக்கு ஒளியூட்டும் வழக்கம் பழையது. 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது மத்தாப்புப் போன்ற மருந்துச் சுடர்களைக் கொளுத்தி அருவியைக் காட்டினார்கள். 1879இல் முதன்முதலாக மின்விளக்கு வந்தது. 1925இல் 24 கார்பன் விளக்குகளை நிறுவி, நாள்தோறும் ஒளியூட்டும் முறையைத் தொடங்கினார்கள். 2016இல் அருவிக்கு ஒளியூட்டும் விளக்குகள் அனைத்தும் எல்.ஈ.டி. ஆயின.

எல்.ஈ.டி. பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக என் தொழில் விடாது. முன்பு நத்தார் மரத்தில் கட்டிய பெரிய குமிழ் ஒன்றுக்கு 5 வாட்டு வேண்டும். 25 குமிழ்கள் கொண்ட சரத்துக்கு 125 வாட்டு. இன்று அதே நீளமான எல்.ஈ.டி. சரத்துக்குச் சில வாட்டுகளே போதும். பூங்கா முழுவதையும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஒளிர வைப்பதை இந்தச் சிக்கனம்தான் எளிதாக்குகிறது. வெள்ளை ஒளிக்கு நீல எல்.ஈ.டி. இன்றியமையாதது. அந்தப் பிரகாசமான நீல ஒளியை ஜப்பானில் அறிவித்த ஆண்டு 1993. அதற்கு வழி திறந்த மூவருக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த 1993இல் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதன்பின் டஃபரின் தீவுகளுக்குள் நடந்தோம். பெரும்பாலானோர் வாகனத்தில் அமர்ந்தபடியே இந்தப் பூங்காவைச் சுற்றி வருவார்கள். நாங்களும் முன்னொரு முறை அப்படித்தான் போனோம். முன்னால் நிற்கும் வாகனத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்ததில், மகள் பாதி வழியில் தூங்கிவிட்டாள். ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு முதியவரால் நடக்க முடிந்தால், இல்லையேல் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள முடிந்தால், கொஞ்சத் தூரமாவது இறங்கி நடவுங்கள். சிறிய பாலங்கள், ஓசையில்லாமல் ஓடும் கிளையாறுகள், கரையோரம் ஒளியால் வரைந்த காட்டு விலங்குகள். ஒவ்வோர் ஒளியுருவமும் நீரில் இரண்டாகும். இடையிடையே முழு இருட்டு. அந்த இருட்டில் ஒரு நிமிடம் நின்றால் ஆற்றின் இரைச்சல் எங்கிருந்தோ வந்து காதில் நிறையும். இந்தப் பூங்காவின் பெயருக்குரிய டஃபரின் பிரபு 1870களில் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்தபோது, அருவிக்கரையைப் பொதுமக்களுக்குரிய பூங்காவாக்க வேண்டுமென்று முதலில் வற்புறுத்தியவர்களில் ஒருவர். பின்னர் 1884 முதல் 1888 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவரும் அவரே.

பாலமொன்றின் நடுவில் அம்மா நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு வெளிச்சத்துக்கும் ஆர் சுத்துகினம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொன்னேன். இந்த ஆறுதான் அம்மா சுற்றுகிறது என்றேன். கனடாவும் அமெரிக்காவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் முடியும் வரை பகலிலும் முன்னிரவிலும் விநாடிக்கு 1 இலட்சம் கன அடி நீர் குறையாமல் அருவியில் விழ வேண்டும். குளிர்காலத்திலும் மற்ற இரவுகளிலும் 50 ஆயிரம் கன அடி விழுந்தால் போதும். எஞ்சிய நீரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டு மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதாவது, நாம் ஒளி விழாவுக்குப் போகும் மாதங்களில் நம் கண்முன் விழும் நயாகரா, கோடையில் விழுவதில் பாதியளவாகவும் இருக்கலாம். மற்ற நீர் அருவிக்கு மேலேயே திசை திரும்பி, நயாகரா நகரத்தின் அடியில் சுரங்கங்கள் வழியாகப் போய், குவீன்ஸ்டனில் உள்ள சேர் அடம் பெக் மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றுகிறது. 2013இல் திறக்கப்பட்ட சுரங்கம் மட்டும் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. விளக்குப் பார்க்க வந்தவர்கள் தெருவில் நடக்கும்போது, அவர்களுடைய காலுக்கு வெகு ஆழத்தில், அந்த விளக்குக்கான நீர் போய்க்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் மின்கட்டணச் சீட்டைப் பற்றி மாதம் தவறாமல் "ஹைட்ரோ பில் வந்திட்டுதா" என்று கேட்கிறோமே, அந்த ஹைட்ரோ என்ற சொல்லுக்கே நீர் என்றுதான் பொருள்.

அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஊரில் கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றியை நட்டு, அதன் உச்சியில் விளக்கேற்றிவிட்டு, காற்றில் அணையாமல் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதேபோல இப்போதும் அவருடைய இடது கை பாலத்தின் கைப்பிடிமேல் குவிந்திருந்தது. பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சித் தேநீரை மகன் ஊற்றிக் கொடுத்தான். மீன் ரோல்ஸ் ஆறிப்போயிருந்தாலும் குளிருக்கு அமிர்தமாக இருந்தது.

வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெருந்தெருவில் ஏறியபின் பின்னிருக்கையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அப்பம்மா, ரேடியோ கேக்க எவ்வளவு நேரம் சுத்துவீங்கள்?"

"அரை மணித்தியாலம், பிள்ளை. செய்தி முடியும் மட்டும்."

"கை நோகாதோ?"

"நோகும். அதுக்குத்தான் முறை வைச்சுச் சுத்தினது. உன்ர அப்பாதான் கடைசி முறை. செய்தி முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் சுத்திக்கொண்டே இருப்பான், அடுத்ததாப் பாட்டுப் போடுவாங்களோ எண்டு."