கரஸ்ல படிச்சவங்களும் படிச்சவங்கதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விடுமுறை நாளின் மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'வேலை, குடும்பம் என்று ஆன பிறகு தொலைநிலைக் கல்வியில் சேர்வது உண்மையான படிப்பா, பட்டத்துக்கான குறுக்கு வழியா?' என்பது தலைப்பு. உண்மையான படிப்பே என்று பேச வந்திருக்கிறேன். ஒரு படிப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பி.ஏ. வரலாற்றுக்குக் கான்டாக்ட் கிளாஸ், அதாவது தொலைநிலை மாணவர்களுக்கான நேரடி வகுப்பு, எடுப்பவள் நான். கேள்விப்பட்டதைவிடக் கண்ணால் பார்த்ததைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா, "தினமும் வகுப்புக்குப் போய், ஆசிரியர் முகம் பார்த்துப் படிப்பதுதான் படிப்பு" என்றார். அடுத்து வந்த தங்கை, சேர்பவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், முடித்தவர்களையும் வேலைக்கு எடுக்கும்போது 'கரஸ்தானே', அதாவது கரஸ்பான்டன்ஸ்தானே, என்று ஓரம் கட்டுகிறார்கள் என்றார். மூன்றாவதாகப் பேசிய தம்பி, அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கவே ஆள் இருக்கிறது என்று கைதட்டல் வாங்கிப் போனார்.

ஐயாவிடமிருந்தே தொடங்குகிறேன். என் வகுப்புக்குப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வருகிறார். வயது நாற்பதுக்கு மேல். பல்கலைக்கழகம் கொடுத்த புத்தகம் கனமாக இருக்கிறது, சாப்பாட்டுப் பையில் நுழையவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பிளேடால் புத்தகத்தை அலகு அலகாகக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் பின் அடித்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிட்டார். ஒரு வாரத்துக்கு ஓர் அலகு பையில் போகும். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கொஞ்சம், மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு கொஞ்சம். பாடத்துக்கு நடுவில் நாமே பதில் எழுதிப் பார்ப்பதற்குக் கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள் அல்லவா, பெரும்பாலான மாணவர்கள் தொடாமலே விடும் அந்த இடத்தை அவர் பென்சிலால் நிரப்பியிருப்பார்.

ஒரு ஞாயிறு, சென்னைத் தொழிலாளர் சங்கம் பற்றிய பாடம். 1918 ஏப்ரலில், பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்து பி.பி.வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொடங்கிய சங்கம். மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் எழுந்தார். "மேடம், கை கழுவுற நேரமும் அந்த இடைவேளையில சேர்த்தியா?" என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, ரெகுலர் கல்லூரி மாணவர்களுக்கும் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். நல்ல பிள்ளைகள், நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் இந்தக் கேள்வியை அவர்களில் யாரும் கேட்டதில்லை. எந்திரத்தை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் எத்தனை நிமிடம் போகும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அன்றைக்கு வகுப்பே திசை மாறியது. தறி ஓட்டுபவர், மருந்துக்கடையில் நிற்பவர், லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுபவர் என்று ஆளாளுக்குத் தங்கள் வேலை நேரத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். ஓய்வு நேரம் யாருக்கு உரிமை, யாருக்குச் சலுகை என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. முகம் பார்த்துப் படிப்பதுதான் படிப்பு என்கிறார் ஐயா. அவர்கள் பார்த்துக்கொண்டது வெறும் என் முகத்தை மட்டும் அல்ல. இதைப் படிப்பு இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

இந்தச் சந்தேகம் நம் ஊரில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வரப்போகிறது என்றபோது, எதிர்க்கட்சியின் பெரிய தலைவரான இயன் மெக்லியாட் அதை உளறல் என்றார். அந்தத் திட்டத்துக்காக அரசுக்குள் போராடிய அமைச்சர் ஜென்னி லீ, ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். தொழிலாளிகளுக்காகத் தரத்தைக் குறைக்கக் கூடாது, மற்ற பல்கலைக்கழகங்களுக்குச் சமமான பட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1969-ல் அரச சாசனம் கிடைத்தது, 1971-ல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். இடையில், 1970-ல், மெக்லியாடின் கட்சியே ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் அந்தப் பல்கலைக்கழகத்தை மூடவில்லை. முந்தைய கல்வித் தகுதி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் அந்த இடம் இன்றைக்கும் நடக்கிறது.

நம் நாட்டிலும் இது நேற்று வந்ததில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த வழிக்கு வந்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே பத்தாண்டின் இறுதியில். 1982-ல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம் ஊர்களில் எத்தனை ஆசிரியர்கள், கிளார்க்குகள், போலீஸ்காரர்கள் அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்தவர்கள் என்று இந்த அரங்கில் இருப்பவர்களே சொல்வார்கள்.

சரி, தங்கை சொன்னதற்கு வருகிறேன். பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்கிறார். உண்மை, பலர் நின்றுவிடுகிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டாரா? மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். தீபாவளி ஆர்டருக்கு ராத்திரி ஷிப்ட் போட்டிருப்பார்கள். மகளுக்குப் பிரசவ நேரமாக இருக்கும். ரெகுலர் கல்லூரியில் இப்படி ஒரு செமஸ்டர் போனால் அட்டெண்டன்ஸ் போச்சு, பரீட்சை எழுத விடமாட்டார்கள், கதை அங்கேயே முடிந்தது. இக்னோவில் மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர்ந்தால் பதிவு ஐந்து வருடம் செல்லும், பரீட்சைக்கு ஒன்பது வாய்ப்பு. வயது உச்சவரம்பு கிடையாது, தமிழிலேயே எழுதலாம். தொலைநிலைக் கல்வியின் ஆகப் பெரிய குணம் என்று நான் நினைப்பது இதைத்தான். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதெல்லாம் அப்புறம். நின்று போனவர் திரும்பி வரும்போது, 'நீ எங்கே போயிருந்தாய்' என்று கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது பாருங்கள், அதற்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன். படிக்கிற வயதில் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவர்களிடம், இப்போதும் குடும்பத்தை விட்டுவிட்டு வா என்று சொல்வதில் என்ன நியாயம்?

நிற்பவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. பரீட்சை நெருங்கிய பிறகு புத்தகம் கைக்கு வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் கட்டக் கடைசி நாள் எப்போது என்று இணையதளத்தில் மட்டும் போட்டுவிட்டு, பட்டன் போன் வைத்திருப்பவருக்குச் சொல்லாமல் விட்டதும் உண்டு. அப்படி ஒரு வருடம் இழந்தவரையும் 'விட்டுவிட்டார்' என்ற கணக்கில்தானே எழுதுகிறோம்?

அசைன்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் சொன்னது நடக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு. ஒரே கையெழுத்தில் நாலு பேர் அசைன்மென்ட் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் இக்னோவில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம்தான். மீதி 70 சதவீதம் ஜூனிலோ டிசம்பரிலோ மையத்தில் போய் உட்கார்ந்து, கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டியது. நாற்பது வயதுக்காரர் அந்த மூன்று மணி நேரத்தை எப்படிக் கடக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் தோற்பது மூளை இல்லை, கைதான். வருடக்கணக்கில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதுவும் எழுதாத விரல்கள். அரை மணி நேரத்தில் கட்டைவிரல் இழுத்துக்கொள்ளும். பேனாவைக் கீழே வைத்து, கையை உதறி, திரும்ப எடுப்பார்கள். அதனால்தான் நான் என் மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே, தினம் ஒரு பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள், பாடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வேன். இவர்களைப் பார்த்துக் குறுக்கு வழி என்ற வார்த்தை எப்படி வருகிறது?

வேலை விஷயத்தில் எதிரணி சொன்னதில் ஒரு பகுதியை நான் மறுக்க மாட்டேன். அடிப்படைப் பட்டம் இல்லாமலே நேரடியாக எம்.ஏ. கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்பிச் சேர்ந்தவர்கள்தான் அடி வாங்கினார்கள். ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் பட்டம் என்று வரிசையாக, அனுமதி பெற்ற படிப்பைப் படித்தவர் நிலை வேறு. தொலைநிலைப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதியே சொல்கிறது, 2022-ல் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. அதற்குப் பிறகும் 'கரஸ்தானே' என்று ஒதுக்கும் கம்பெனிக்காரரின் தப்புக்குப் படித்தவரைத் தண்டிக்கச் சொல்கிறதா எதிரணி?

இன்னொரு மாணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறையில் இருந்தபடியே சட்டம் படித்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிமாணவராகப் பதிந்தார். தண்டனையாகப் படிக்கும் உரிமையையே சில ஆண்டுகள் பறித்தார்கள். மறுபடி தொடர்ந்தார், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் 1989-ல் எல்எல்.பி. முடித்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது, இன்னும் கைதிதான். நெல்சன் மண்டேலாவைத்தான் சொல்கிறேன். பட்டத்தைக் காட்டி வேலை தேடவா அவர் படித்தார்?

நடுவர் மணியைப் பார்க்கிறார். அரங்கில் இருப்பவர்களிடம் ஒரு நிமிடம். மனதில் ஆசை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். முதலில் பீரோவில் இருக்கும் பழைய மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் தேடி எடுங்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள். சேருவதற்கு முன் நீங்கள் நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு, நீங்கள் நினைக்கும் அதே படிப்புக்கு, அந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். இப்போது அந்தப் பிரிவின் தளத்தில் டெப் ஐ.டி. என்ற பதிவு எண்ணை எடுத்தால்தான் சேர முடியும், அது தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதீர்கள். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை உண்டு. ஒன்று தவறினாலும் ஆறு மாதத்தில் அடுத்தது வரும்.

தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.