சோறு ஊட்டத் தொடங்கிய பிள்ளைக்கு மலம் இறுகினால்

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து என்னிடம் குழந்தையைத் தூக்கி வருகிற தாய்மார்கள் பலரும் சொல்வது இதுதான்: “சோறு ஊட்ட ஆரம்பிச்சதுலேருந்து புள்ள வெளிக்கிப் போக முக்கி முக்கி அழுவுது டாக்டர்.” குழந்தை மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முக்குவதும் முகம் சிவப்பதும் மட்டும் மலச்சிக்கல் ஆகிவிடாது. வயிற்றை அழுத்திக்கொண்டே கீழ்த்தசையைத் தளர்த்தக் குழந்தை பழக வேண்டும். அது பழகும் வரை பத்து நிமிடம் முக்கி அழுதுவிட்டு இளகலாகப் போனால் கவலை வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் 4, 5 மாதக் குழந்தை சில நாள் போகாமலே இருந்துவிட்டு, அப்புறம் களி போலப் போவதும் இயல்புதான். எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, துணியில் இருப்பதைப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தால், அல்லது தடித்துக் காய்ந்து வந்து குழந்தை வீறிட்டு அழுதால், மேலே ரத்தம் கோடு போல ஒட்டியிருந்தால், அது மலச்சிக்கல். அந்த வலியை ஒருமுறை கண்ட பிள்ளை அடுத்த முறை அடக்கப் பார்க்கும். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிவிடும், மலம் இன்னும் இறுகும். அதனால்தான் முதல் தடவையே கவனியுங்கள் என்கிறேன்.

தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர். 6 மாதம் வரை குழந்தைக்கு அதுவே சோறு, அதுவே நீர். அங்கிருந்து திட உணவுக்கு மாறும்போது நம் வீடுகளில் முதலில் ஊட்டுவது எது? நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைக் குழைய வடித்து, நெய் விட்டு மசித்த சோறு. தவிட்டோடு நாரின் பெரும்பகுதியும் ஆலையிலேயே போய்விட்டது. அதோடு ரவைக் கஞ்சி, பாலில் தோய்த்த பிஸ்கட். இவற்றிலும் நார்ச்சத்து மிகக் குறைவு. சோறு கொடுங்கள், நல்லதுதான். அதோடு பருப்பும் காயும் பழமும் சேராததால்தான் வயிறு கட்டிக்கொள்கிறது.

நம் மண்ணுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து, நடவும் களையெடுப்பும் மும்முரமாகிவிட்டால், தாய் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுகிறாள். பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. பகலில் கிடைத்துவந்த தாய்ப்பால் நின்றுபோய், அந்த இடத்தில் பசும்பால் புட்டி வந்துவிடுகிறது. 1 வயது வரை பசும்பால் குடிபாலாகக் கூடாது. நிறையக் கொடுத்தால் மலம் கெட்டிப்படும், இரும்புச்சத்தும் குறையும். கூலிக்குப் போகாமல் இரு என்று யாரும் சொல்லிவிட முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, வந்து கை கால் கழுவியதும் ஒருமுறை, இரவில் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். காலையில் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி நிழலில் வைத்துவிட்டுப் போனால், நம் ஊர் வெயிலுக்கு 3 மணி நேரத்துக்குள் பாட்டி அதை ஸ்பூனிலோ பாலாடையிலோ கொடுத்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர். 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம் என்று நாங்கள்தான் சொல்லி வைத்தோம். அந்தச் சொல் மனதில் பதிந்து, 8 மாதப் பிள்ளைக்கும் தண்ணீர் காட்டாத வீடுகளைப் பார்க்கிறேன். சோறு தொடங்கிவிட்டால் தண்ணீரும் தொடங்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரை ஒவ்வொரு வேளை உணவோடும் சில வாய் கொடுங்கள். நாளைக்கு 120 மில்லியிலிருந்து 240 மில்லிக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுத்து வயிற்றை நிரப்பினால் பால் குடிக்காது.

சரி, என்ன சமைப்பது? ஒரு கைப்பிடி அரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு. பருப்பை லேசாக வாசம் வர வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு பரங்கிக்காய், ஒரு பிடி முளைக்கீரை இலை, தாராளமாகத் தண்ணீர் சேர்த்துக் குழைய வேகவைத்து மத்தால் கடையுங்கள். ஒரு சொட்டு நெய் போதும். 1 வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். ஆனால் கடைந்ததைத் துணியில் வடிகட்டிச் சக்கையை எறிந்துவிடாதீர்கள், நமக்கு வேண்டிய நார் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்க்கும் காயை ஒவ்வொன்றாக, மூன்று நாள் பார்த்துவிட்டுச் சேருங்கள். கீரை கொடுத்த மறுநாள் மலத்தில் பச்சைத் துணுக்குகள் தெரியும். அதைப் பார்த்து “செரிக்கல, நிறுத்து” என்று வீட்டில் ஒரு குரல் எழும். நிறுத்த வேண்டாம். குழந்தை வேறு தொந்தரவு இல்லாமல் விளையாடினால் அந்தப் பச்சை ஒன்றும் செய்யாது.

பழத்தில் பழுத்த பப்பாளிக்குத்தான் என் முதல் ஓட்டு. கொல்லையிலேயே காய்க்கிறது. சூடு என்று பயந்து ஒதுக்குகிறார்கள். நன்றாகப் பழுத்ததை மசித்து 2, 3 ஸ்பூன் கொடுத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பேரிக்காய் கிடைத்தால் வேகவைத்து மசிக்கலாம். அதிலிருக்கும் சார்பிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். உலர்திராட்சை எட்டுப் பத்து எடுத்துக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிசைந்து தோலை எடுத்துவிட்டுச் சில ஸ்பூன் கொடுப்பது நல்ல பழக்கம். முழுத் திராட்சையை மட்டும் வாயில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். காவிரிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை, அதனால் வாழையையும் சொல்ல வேண்டும். தோலில் கறுப்புப் புள்ளி விழும் வரை பழுத்ததைக் கொடுங்கள். செங்காயாக இருக்கும் பழமும், வாழைக்காய் மாவுக் கஞ்சியும் மலம் இறுகியிருக்கும் நேரத்தில் வேண்டாம்.

இனி பாட்டிமார்களோடு கொஞ்சம் பேச வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் மேல் பிள்ளையை உட்கார வைத்து, முதுகை முட்டியில் சாய்த்துக்கொண்டு ஆய் போக வைப்பீர்களே, அதைவிட நல்ல முறை எதையும் எங்களால் சொல்லித் தர முடியாது. குழந்தையின் முழங்கால் வயிற்றை நோக்கி மடிகிறது, மலம் இறங்கும் வழி நேராகிறது. சாப்பிட்டு முடித்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் குடல் தானே அசையும், அந்த நேரமாகப் பார்த்து உட்கார வையுங்கள். குளிக்க வைத்த பின் தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாகத் தடவுவதும், மல்லாக்கப் போட்டுக் காலை மாற்றி மாற்றி மடக்குவதும் சுகமாக இருக்கும்.

ஆனால் உரைமருந்தைக் கொடுக்காதீர்கள். அதில் உரைக்கிற மாசிக்காய் துவர்ப்பு மிகுந்தது, பேதியை நிறுத்தத் தருகிற பொருள். மலம் கட்டிய பிள்ளைக்கு அதையே கொடுத்தால் இன்னும் கட்டத்தான் செய்யும். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். காம்பு கீறும், சோப்பு எரிக்கும். அந்தப் புண்ணோடு முக்கும் குழந்தையின் அழுகையை நீங்கள் கேட்டால் மறுபடி செய்ய மனம் வராது. விளக்கெண்ணெயை வாயில் புகட்டும்போது புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். தேன் 1 வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. சில நேரம் அதில் இருக்கும் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

கை வைத்தியம் எதையும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நேரங்களும் உண்டு. வயிறு உப்பிக் கல் போல இருப்பது, பச்சையாக வாந்தி எடுப்பது, காய்ச்சலோடு பால் குடிக்க மறுப்பது. காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுது, கொஞ்சம் அடங்கி, மறுபடி வீறிட்டு, சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிறந்து 2 நாள் கழித்துத்தான் முதல் கறுப்பு மலம் போன குழந்தை என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், குடலில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறையா என்று பார்க்க வேண்டும். குழந்தை மந்தமாக, தோல் வறண்டு, எடை ஏறாமல் இருந்தால் தைராய்டு சோதனை தேவைப்படும்.

இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போகலாம். அதற்காக சிரப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உணவையும் தண்ணீரையும் மாற்றி ஒரு வாரத்தில் இளகவில்லை என்றால் மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற ஒரு சிரப் எழுதித் தருவார். கடையில் கேட்டு நீங்களாக வாங்க வேண்டாம். இரண்டு நாளில் மலம் இளகியதும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவதும் வேண்டாம். ஆசனவாயில் விழுந்த கீறல் ஆற வேண்டும், குழந்தைக்கு அந்தப் பயமும் போக வேண்டும். அதனால் எழுதிக் கொடுத்த நாள் வரை தொடர்ந்து கொடுங்கள்.

வணக்கம்.